ஆறு நாள் மூடி வைத்த மடல்

அன்புள்ள நித்யா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே இந்த மனுஷர் என்று நீ சிரிப்பாய். சிரி. நேரில் சொல்வதற்கு இந்த வாரத்தில் மட்டும் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒரு விஷயம் இரண்டு வருஷமாக எனக்குள் இருக்கிறது. எழுத்தில் என்றால் பாதியில் எழுந்து போக முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டி மூடவில்லை. அடையாறு ஆபீஸில் உன்னோடு வேலை செய்யும் எட்டுப் பேரும் படிக்கலாம், ரஃபி படிக்கலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படிப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் சொல்லிக்கொண்டே போவேன். பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா மாங்காய் வாங்கப் போன நேரத்தில் நீ கேட்டாய், "அந்த ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டதப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியேப்பா. குடுத்துடலாமா?" ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனைக் குழுமம் நம் மென்பொருள் கம்பெனியை மொத்தமாக வாங்கிக்கொள்ளக் கேட்டிருந்தது. எல்லோருக்கும் வேலை உறுதி, நல்ல சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை: இனி எழுதும் மென்பொருள் எல்லாம் அவர்களுக்கு மட்டுமே. வெளியில் யாரும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது, எடுத்துத் திருத்தவும் முடியாது. நீ என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிச்சயம் இருந்தது. அப்பா "குடுத்துடும்மா" என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தாய். நியாயம்தான். நீ தொழில் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லிவந்தது அதைத்தான். ஆனால் அன்றைக்கு, "அம்மாவக் காணோமே" என்று எழுந்து போய்விட்டேன். உன் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால், அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

முப்பத்தோரு வருஷம் கிண்டியில் ஒரு பம்ப் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஒரு போல்ட் வெளியே போக வேண்டும் என்றாலும் சீட்டு வேண்டும், கையெழுத்து வேண்டும். ஒரு வாஷர் உள்ளே வந்தாலும் வாங்கிக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே வாழ்ந்தவனுக்கு வீட்டுக்கு வந்ததும் புத்தி மாறிவிடுமா? நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது தி.நகர் டியூஷனில் உன்னோடு கவிதா என்று ஒரு பெண் படித்தாள். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வகுப்புக்கு வராமல் போனவள். அவளுக்கு உன் கெமிஸ்ட்ரி நோட்டைக் கொடுக்கப் போகிறாய் என்று தெரிந்ததும் நான் குதித்தேன். "நீ கண்ணு முழிச்சு எழுதினத அவ சும்மா வாங்கிட்டுப் போய் உன்னவிட மார்க் எடுப்பா" என்று சொல்லி நோட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நீ நினைவிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் எடுத்து, புதிதாக ஒரு நோட்டு முழுக்க எழுதி, அதை அவளுக்குக் கொடுத்தாய். "மறுபடி எழுதினதுல எனக்கே எல்லாம் தெளிவாயிடுச்சுப்பா, ரொம்ப தேங்க்ஸ்" என்று என்னிடமே வந்து சொன்னாய். கிண்டல் துளியும் இல்லாமல் சொன்னாய். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றைக்கே "தப்பும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பழகியிருந்தால், இந்தக் கடிதம் எழுதும் நிலைமை எனக்கு வந்திருக்காதோ என்னவோ.

நல்ல வேலையை விட்டுவிட்டு, சின்ன கிளினிக்குகளுக்கு ஒரு மென்பொருள் செய்யப் போகிறேன் என்று நீ வந்து நின்றது நினைவிருக்கிறதா? நோயாளியின் பெயரைப் பதிவதிலிருந்து, டோக்கன் கொடுப்பது, டாக்டர் எழுதும் மருந்துக்கு லேபிள் அச்சடிப்பது வரை எல்லாம் ஒன்றில் வரும் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதன் மூலநிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடுவேன், ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது.

"சும்மா குடுத்துட்டு நீ என்னத்தம்மா சாப்பிடுவே?"

"புரோகிராம்தான்பா சும்மா. அத கிளினிக்ல போட்டுக் குடுக்கறது, அங்க இருக்கறவங்களுக்குச் சொல்லித் தர்றது, கெட்டுப்போனா ஓடிப்போய்ப் பாக்கறது, அதுக்கெல்லாம் காசு."

"அதே புரோகிராம எவனாவது தூக்கிட்டுப் போய் உனக்கே போட்டியா கட போட்டா?"

"போடட்டும்பா. அவன் அதுல ஒரு ஓட்டையக் கண்டுபிடிச்சு அடைச்சான்னா அது எனக்கும்தான் வரும்."

உலகம் தெரியாத பெண் என்று நினைத்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, "வீட்ல உக்காந்து அம்மாவோட சண்ட போடறதுக்கு ஆபீசுக்கு வாங்கப்பா" என்று நீ என்னை அழைத்துப்போனாய். மயிலாப்பூரிலிருந்து உன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அடையாறு பாலத்தைக் கடக்கும் அந்தக் காலை நேரங்கள்தான் என் வாழ்க்கையிலேயே சுகமானவை. பாலத்தில் காற்று அடிக்கும்போது நீ சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது. ஆனாலும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்பேன். ஆபீஸில் ஜன்னல் ஓரம் ஒரு மேஜை கொடுத்தாய். கிளினிக்குகளிலிருந்து வரும் போனை எடுப்பதும், கணினியில் வரும் புகார் மடல்களைப் படித்து உரியவருக்கு அனுப்புவதும் என் வேலை. ஒவ்வொரு மடலையும் படித்ததும் 'பெற்றுக்கொண்டோம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அனுப்பியவருக்கு அப்படியே பதில் போய்விடும். எனக்கு அது பழகிய வேலை. வந்த சரக்குக்குக் கையெழுத்து.

அப்புறம் நான் பயந்தபடியே ஒருவன் வந்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே மாடியில் ரஃபி என்கிற பையன் நம் மென்பொருளை எடுத்து, வேறு நிறம் அடித்து, வேறு பெயர் வைத்து, நம்மைவிடக் குறைந்த கட்டணத்துக்குக் கிளினிக்குகளில் போட ஆரம்பித்தான். ராயப்பேட்டையில் நம்மிடம் இருந்த ஒரு கிளினிக்கும் அவனிடம் போய்விட்டது. நீ தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாய். நான் உன்னிடம் சொல்லாமல், அவன் திரைகளையும் நம் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அவன் ஆபீஸுக்கே போய் நின்றேன். கீழே லேத் போடும் சத்தத்துக்கு மேலே என் சத்தம் கேட்டிருக்கும்.

"என் பொண்ணு வருஷக்கணக்கா உக்காந்து எழுதினத எடுத்துட்டு வந்து விக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவன் கோபப்படவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க சார். இன்னா சாப்டுறீங்க, டீயா? சார், உங்க பொண்ணுதான் எடுத்துக்கோன்னு எழுதி வெச்சிக்கீறாங்க. இதோ பாருங்க, லைசென்ஸ்." திரையைத் திருப்பிக் காட்டினான். "நானும் சும்மா எடுத்துக்கினு ஓடல சார். எங்க ஏரியா கிளினிக்ல உருதுல லேபிள் கேட்டாங்க. அத நான் எழுதி நித்யா மேடத்துக்கு அனுப்ச்சேன். அவங்க சேத்துக்கினாங்க. இப்ப அது உங்களுதும்தான்." அவன் அனுப்பிய திருத்தங்களின் வரிசையை வேறு காட்டினான். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மடல் வந்தது. ரஃபியிடமிருந்து. ஒரு மென்பொருளில் ஆளுக்கு ஆபத்தான பிழை இருந்தால் அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடாமல், முதலில் செய்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் தொழில் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவன் அந்த மரியாதையோடுதான் எழுதியிருந்தான். ஒரு குறிப்பிட்ட சின்ன ரோல் பிரிண்டரில் தமிழ் லேபிள் அடித்தால், இடம் போதாமல் எண்ணுக்கு நடுவிலிருக்கும் புள்ளி விழாமல் போகிறது. 2.5 மி.லி. என்பது 25 மி.லி. என்று வருகிறது. என் கிளினிக்குகளில் போடும் முன்பே சோதித்ததில் தெரிந்தது, சரி செய்த நிரலையும் இதோடு அனுப்பியிருக்கிறேன், தயவுசெய்து உடனே பாருங்கள். இதுதான் மடல்.

நான் அதைப் படித்தேன், நித்யா. முழுக்கப் படித்தேன். கை பழக்கத்தில் 'பெற்றுக்கொண்டோம்' பொத்தானை அழுத்தினேன். அதன் பிறகு அதை உனக்கு அனுப்பாமல் கணினியில் 'பிறகு' என்று பெயர் வைத்திருந்த மடல் அறையில் போட்டு மூடினேன். அவன் பிரிண்டர், அவன் தலைவலி, அவன் கிளினிக்குக்காரர்கள் ஒரு வாரம் அவனைத் திட்டட்டும் என்று நினைத்தேன். நம்மிடமும் அதே மென்பொருள்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். கொட்டிவாக்கம் கிளினிக்குக்கு அதே ரோல் பிரிண்டரை அதற்கு முந்தின மாதம் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். எந்தக் கிளினிக்கில் என்ன பிரிண்டர் என்ற பட்டியல் என் மேஜை டிராயரிலேயே இருந்தது. எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லத்தான் ஆசை. டிராயரைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஆறு நாள் அப்படி இருந்தேன். அந்த ஆறு நாளும் உன் ஸ்கூட்டரில்தான் போய் வந்தேன்.

ஆறாம் நாள் காலையில் கொட்டிவாக்கத்திலிருந்து டாக்டரம்மா போன் செய்தார். நீ பேச்சை முடிப்பதற்குள்ளேயே சாவியை எடுத்துவிட்டாய், நானும் கூட வந்தேன். ஒன்றரை வயதுக் குழந்தை. சளிக்குக் கொடுத்த மருந்து, லேபிளில் 25 மி.லி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு வேளை கொடுத்திருக்கிறாள் அம்மாக்காரி. குழந்தை தூங்கியது, காலையில் எழுப்பினால் கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொள்கிறது. நாம் போனபோது டாக்டரம்மா அதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த குழந்தையின் கால் விரலை நீ பிடித்துப் பார்த்தாய். அந்த அம்மாள், செல்வி என்று பெயர், அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவள், யாரையும் திட்டவில்லை. பாட்டிலை நீட்டித் திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்:

"இத்தினி ஊத்தணுமான்னு எனக்கு அப்பவே டவுட்டுதாம்மா. மூடியில மூணு வாட்டி அளந்து ஊத்துனேன். காலையில எடுத்துப் பாத்தா, பாட்டில்ல மொத்தமே அறுவதுதான் கீது. ஒரு நாளிக்கே அம்பது பூட்டா, அஞ்சு நாளிக்கு எப்டி ஊத்துவேன்? அதான் ரெண்டாவது வேள ஊத்தாம தூக்கியாந்தேன்."

பள்ளிக்கூடம் சரியாகப் போகாத அந்தப் பெண் போட்ட கணக்கை, பட்டியலும் மடலும் கையிலிருந்த நான் போடவில்லை. அந்தக் கட்டிலுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "அப்பா, தண்ணி குடிங்க" என்று நீ எனக்குத்தான் பாட்டிலைக் கொடுத்தாய்.

குழந்தை மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. பிழைத்தது. அதை எழுதிவிட்டுத்தான் மேலே எழுத முடிகிறது.

நீ அன்றைக்குச் செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளினிக் வாசலில் நின்றபடியே, நம்மிடம் இருந்த அத்தனை கிளினிக்குகளுக்கும் போன் போடச் சொன்னாய். லேபிளை நம்ப வேண்டாம், மருந்து அளவைக் கையால் எழுதுங்கள் என்று சொல்லவைத்தாய். அந்த பிரிண்டர் வந்த நாளிலிருந்து மருந்து வாங்கிப்போனவர்களைத் தேடச் சொன்னாய். நல்லவேளை, வேறு யாருக்கும் புள்ளி விட்டுப்போன லேபிள் போகவில்லை. அடுத்து ரஃபிக்கு எச்சரிக்கை சொல்லப் போன் செய்தாய். போட்டிக்காரனுக்கு முதல் போன்களில் ஒன்று! அவன் சொன்னது போனுக்கு வெளியே எனக்குக் கேட்டது. "மேடம், ஆறு நாளிக்கு முன்னாடியே மெயில் போட்டேனே. அதுலயே திருத்துன கோடும் கீதே."

நீ என் பக்கம் திரும்பினாய். "அப்பா, ரஃபிகிட்டேருந்து மெயில் வந்துச்சா?"

"நான் பாக்கலியேம்மா. குப்பை மெயில்ல போயிருக்குமோ என்னவோ."

நாக்கு எப்படி அவ்வளவு சுலபமாகப் புரண்டதோ தெரியாது. ஆபீஸுக்குத் திரும்பியதும் நீ முகம் கழுவப் போன அந்த இரண்டு நிமிஷத்தில், 'பிறகு' அறையிலிருந்து அந்த மடலை எடுத்துக் குப்பை மடல்களுக்குள் நானே போட்டேன். நீ வந்து அங்கேதான் அதைக் கண்டுபிடித்தாய். "ஆமாப்பா, இங்கதான் இருக்கு" என்றாய். பெற்றுக்கொண்டதாகப் பதில் போயிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை. அப்பா சொன்னதே போதும் என்று இருந்துவிட்டாய். ரஃபியின் திருத்தத்தைச் சேர்த்து அன்றைக்கே எல்லா இடத்துக்கும் அனுப்பினாய்.

அதோடு நீ விடவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, உலகம் பார்க்கும்படி நம் தளத்தில் போட்டாய். பிழை என்ன, யார் கண்டுபிடித்தது, குழந்தைக்கு என்ன ஆனது, எல்லாம். கடைசி வரி எனக்கு மனப்பாடம்: "எச்சரிக்கை மடல் ஆறு நாள் கவனிக்கப்படாமல் போனதற்கு நானே பொறுப்பு." கீழே உன் பெயர். வேண்டாம் என்று நான் தடுத்தேன். கம்பெனி மானம் போகும் என்று உன்னிடம் சொன்னேன். உள்ளே எனக்கிருந்த பயம் வேறு. சில கிளினிக்குகள் விலகின. நீ வேலைக்கு எடுத்த புதுப் பெண்ணின் அப்பா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உனக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம்கூட அந்தச் சமயத்தில்தான் தள்ளிப்போய், அப்படியே நின்றும் போனது. ஆனால் கொட்டிவாக்கம் டாக்டரம்மா போகவில்லை. "தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. மறைக்காம வந்து சொன்னது நித்யா மட்டும்தான்" என்று என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன்.

பிறகு நீயும் ரஃபியும் சேர்ந்தீர்கள். நீ எழுதியதை அவன் ஆட்களும், அவன் எழுதியதை உன் ஆட்களும் சோதிக்காமல் எந்தக் கிளினிக்குக்கும் எதுவும் போகக் கூடாது என்று ஏற்பாடு. கம்பெனி இரண்டு, கட்டணம் வேறு, கண் மட்டும் பொது. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக் குழுமம் உன்னைத் தேடி வந்ததே, அது எதற்கு? அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

உன் அம்மாவுக்கு இது தெரியும். அந்த மாதமே சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் சொல்ல மாட்டேங்க. நீங்களா சொல்ற வரைக்கும் இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க" என்றாள். இரண்டு வருஷம் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்த மென்பொருள் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். ரஃபியால் உள்ளே பார்த்திருக்க முடியாது. புள்ளி ஏன் விழவில்லை என்று கண்டுபிடித்திருக்க முடியாது. திருத்தம் கையோடு தயாராக இருந்திருக்காது. இன்னும் எத்தனை லேபிள் போயிருக்குமோ. இன்னொன்றும் யோசித்தேன். உன்னைப் போன்றவர்கள் இருக்கும் வரை பூட்டினாலும் பாதகமில்லை. ஆனால் எந்த ஆபீஸிலும் ஜன்னல் ஓரம் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருப்பான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தன் பிள்ளை, தன் இடம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கடுதாசியைக் கீழே அமுக்கி வைக்கிறவன். அவனை மீறி உண்மை வெளியே வர, வெளியே ஒரு ரஃபி இருக்க வேண்டும். "ஆறு நாளிக்கு முன்னாடியே சொன்னேனே" என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அதற்காக, விற்காதே என்று நான் உத்தரவு போடவில்லை. எட்டுக் குடும்பத்தின் சம்பளத்தை மாதா மாதம் உன் தலையில் சுமக்கிறாய். முப்பத்தைந்து வயதில் உனக்கு நரை வந்துவிட்டது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அதை நான்தான் தினமும் பார்க்கிறேன். களைத்துப்போய் நீ கொடுத்துவிட்டால் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? உன் அப்பா எப்போதும் சொல்லும் "பூட்டிக்கோ" என்ற வார்த்தையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அது தோற்றுப்போன வார்த்தை. நான் பார்த்தேன்.

நேற்று முன்தினம் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனேன். ரஃபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "தெரியும் சார்" என்றான்.

"தெரியுமா?"

"நீங்க பெற்றுக்கொண்டோம் பட்டன அமுக்கிட்டீங்களே சார். எனக்கு ரிப்ளை வந்திச்சே. அது ஆளு பட்ச்சாதான வரும்?"

"அப்புறம் ஏம்ப்பா நித்யாகிட்ட சொல்லல?"

"அந்த வாரம் அவங்க இருந்த நெலமையில இத வேற எப்டி சார் சொல்றது? கொழந்தைக்கு செரியாச்சு, ஃபிக்ஸும் போய்ச் சேந்துச்சு. மிச்சம் கீறது உங்க வீட்டு விஷயம். நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு உட்டுட்டேன்." டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இவ்ளோ லேட்டாவும்னு நெனைக்கல" என்றான்.

இந்தத் தடவை அவன் கொடுத்த டீயைக் குடித்தேன். உன் பெயரில் நிற்கும் அந்தக் கடைசி வரியை மாற்ற வேண்டும், எப்படிச் செய்வது என்று கேட்டேன். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், நீ பார்த்துச் சரியென்றால் சேரும் என்றான். "நீயே போட்டுடேன்பா, எனக்கு இதெல்லாம் வராது" என்றேன். விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை எல்லாம் அழிந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து தட்டினேன்.

"எச்சரிக்கை மடல் வந்த அன்றே படிக்கப்பட்டது. படித்தவர் அதை ஆறு நாள் மறைத்து வைத்தார். கேட்டபோது வரவில்லை என்று பொய் சொன்னார். நித்யாவுக்கு இது தெரியாது." அதற்குக் கீழே உன் பெயரை எடுத்துவிட்டு என் முழுப் பெயரைப் போட்டிருக்கிறேன். என்ன காரணத்துக்காக இந்தத் திருத்தம் என்று கேட்டு ஒரு கட்டம் வந்தது. அதில் "நடந்தது இதுதான்" என்று எழுதி அனுப்பினேன். உன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது, அம்மா.

அப்பா